கிட்டார் வாசிக்கத் தெரியாது... ஆனா, உலகமே இவர் கிட்டாருக்குத்தான் கலர் மாத்துது! - லியோ ஃபெண்டரின் கதை

எலெக்ட்ரிக் கிட்டார் வச்சிருக்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா, ஒரு விஷயத்தை கவனிச்சிருப்பீங்க. புதுசா வாங்கின ஆறு மாசத்துலயே கிட்டாரோட முகத்தை மாத்திடுவாங்க. கம்பிகளுக்குக் கீழே இருக்கிற அந்த வெள்ளை பிளாஸ்டிக் தகடு திடீர்னு கறுப்பாகியிருக்கும். வால்யூம் திருகுற குமிழ்கள் பழுப்பு மஞ்சளுக்கு மாறியிருக்கும். மரம் அதே மரம், கம்பி அதே கம்பி. ஆனா, பார்க்க வேற கிட்டார் மாதிரி இருக்கும்.

அந்தத் தகட்டுக்குப் பேர் பிக்கார்டு. கையில் இருக்கிற பிக் மரத்தைக் கீறிடாம காக்கிறதுதான் அதோட வேலை. அதோட சேர்த்து பிக்அப் மூடிகள், குமிழ்கள், ஸ்விட்ச் முனைன்னு கிட்டாரின் பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் மாத்தி, மொத்த லுக்கையும் மாத்துறது இன்னைக்கு உலகம் முழுக்க ஒரு தனி பொழுதுபோக்கு. இதுக்குன்னே கடைகள் இருக்கு. தேவைப்படுற கருவி ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

ஏன் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதும்? காரணம், அந்த கிட்டாரை வடிவமைச்சவர் இசைக்கலைஞர் கிடையாது. ரேடியோ ரிப்பேர் செய்தவர். பெயர் லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்க மட்டுமில்ல, சுருதி சேர்க்கக்கூட தெரியாமலே வாழ்ந்து மறைந்தவர்.

ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தவர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சுத் தோட்டம். அங்கேதான் 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி பிறந்தார் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். ஊருக்கு அவர் லியோ.

எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வாழ்க்கை முழுக்க ஒரு கண்ணாடிக் கண்ணோடுதான் இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவம் அவரை எடுத்துக்கொள்ளாததற்கும் அந்தக் கண்தான் காரணம். பின்னாளில் உலகத்தின் கண்களை வண்ணத்தால் நிரப்பிய கம்பெனியின் முதலாளி, உலகத்தைப் பார்த்தது ஒற்றைக் கண்ணால்தான்.

பியானோ, சாக்ஸபோன் ரெண்டும் கொஞ்ச நாள் கற்றுக்கொண்டார். எதுவும் நிலைக்கவில்லை. மனசு முழுக்க ரேடியோ மேல் இருந்தது. அவருடைய மாமா கார்களின் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். உதிரி பாகங்களைச் சேர்த்து அந்த மாமா செய்திருந்த ரேடியோவும், அதிலிருந்து வந்த பெரிய சத்தமும் சிறுவன் லியோவின் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டன. பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் ரேடியோக்களைப் பிரித்து மேய ஆரம்பித்துவிட்டார்.

ஆனால், காலேஜில் படித்தது கணக்கு. வேலையும் கணக்கு எழுதும் வேலை. 1934-ல் எஸ்தரைத் திருமணம் செய்தார். அமெரிக்காவில் அது பெரும் பொருளாதாரச் சரிவின் காலம். வேலை வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியாக இருந்த கணக்கு வேலையும் போனபோது, 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ஒரு கடை போட்டார். 1938-ல் திறந்த அந்தக் கடையின் பெயர் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ். படித்த படிப்பு ஒரு பக்கம், பிடித்த வேலை இன்னொரு பக்கம்னு திண்டாடும் யாருக்கும் இந்த இடம் புரியும். லியோவுக்கு அப்போது 28 வயது.

ரிப்பேர் கடைக்காரரின் மூளை

கடைக்கு ரேடியோ மட்டும் வரவில்லை. ஊர் விழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விட்டார். நடனக் கூடங்களில் வாசிக்கும் கிட்டார்காரர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயர்களோடு வந்து நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே பிரச்னை. உள்ளே வெற்றிடம் உள்ள மரக் கிட்டாரில் பிக்அப் மாட்டி சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தம் திரும்ப கிட்டாருக்குள்ளேயே புகுந்து வீல்னு கத்தும்.

லியோ இதை ஒரு மெக்கானிக்காகப் பார்த்தார். உள்ளே காலியாக இருப்பதுதான் சிக்கல் என்றால், முழுக் கட்டையாகவே செய்துவிட்டால்? இந்த யோசனை வேறு சிலருக்கும் அந்தக் காலத்தில் இருந்தது. லியோ செய்த பெரிய விஷயம், அதைத் தொழிற்சாலையில் மளமளவென்று செய்யக்கூடிய, கெட்டுப்போனால் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பொருளாக மாற்றியது.

போர்க்காலத்தில் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞரோடு சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களைச் செய்தார். 1946-ல் காஃப்மன் விலகிக்கொள்ள, லியோ சொந்தப் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1950-ல் அங்கிருந்து வந்தது பிராட்காஸ்டர் என்ற கிட்டார்.

அன்றைய பெரிய கம்பெனி கிட்டார்களில் கழுத்துப் பகுதியை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கழுத்து கோணிப்போனால் கைதேர்ந்த ஆசாரியைத் தேடிப் போகணும். லியோ கழுத்தை நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். போச்சா? கழற்று, வேற மாட்டு. அவ்ளோதான். வெளிர் மஞ்சள் மரத்தின்மேல் கறுப்பு பிக்கார்டு, அதையும் ஐந்து ஸ்க்ரூவில் நிறுத்தினார். பின்னாளில் லட்சக்கணக்கான பேர் அந்தத் தகட்டைக் கழற்றி வேறு கலர் மாட்டுவார்கள் என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ரிப்பேர் செய்பவனுக்கு வேலை சுலபமாக இருக்கணும், அதுதான் அவருக்கு முக்கியம்.

பிராட்காஸ்டர் என்ற பெயருக்கு உடனே சிக்கல் வந்தது. கிரெட்ச் கம்பெனி அதே மாதிரியான பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. லியோவின் கம்பெனி சண்டை போடவில்லை. கையில் இருந்த ஸ்டிக்கர்களில் கிட்டாரின் பெயர் இருந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, கம்பெனி பெயரோடு கொஞ்ச நாள் விற்றது. பெயரில்லாத அந்த கிட்டார்களுக்கு ரசிகர்கள் பின்னாளில் வைத்த செல்லப் பெயர் நோகாஸ்டர். 1951-ல் அதற்கு டெலிகாஸ்டர் என்று புதுப் பெயர் வந்தது. பெயரைப் பறிகொடுக்கும் இந்த அனுபவத்தை மறந்துடாதீங்க. அது லியோவின் வாழ்க்கையில் திரும்பவும் வரும்.

ஒரு தகட்டில் மொத்த கிட்டாரும்

1954-ல் வந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். எலெக்ட்ரிக் கிட்டார் படம் வரையச் சொன்னால், இன்னைக்கும் குழந்தைகூட இந்த வடிவத்தைத்தான் வரையும். ரெண்டு கொம்பு, இடுப்பில் இடிக்காமல் வளைத்துச் சீவிய உடம்பு, மூன்று பிக்அப். விலை 249 டாலர் 50 சென்ட்.

லியோவுக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிப்பவர்களிடம் கேட்டுக்கேட்டுத்தான் எதையும் செய்தார். ஃபிரெடி தவாரெஸ், பில் கார்சன் போன்ற இசைக்கலைஞர்கள் தொழிற்சாலைக்குள் வந்து குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருப்பார்.

இந்த கிட்டாரில்தான் அவருடைய ரேடியோ மூளை உச்சத்துக்குப் போனது. மூன்று பிக்அப், மூன்று குமிழ், ஒரு ஸ்விட்ச், அதன் ஒயரிங் எல்லாவற்றையும் ஒரே வெள்ளை பிக்கார்டில் மாட்டினார். அந்தத் தகட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்து சால்டரிங் வேலையை முடித்துவிடலாம். பிறகு அப்படியே தூக்கி மரத்தின் குழிமேல் வைத்து, எட்டு ஸ்க்ரூ திருகினால் கிட்டார் ரெடி. ரேடியோவின் முன்பக்கப் பலகையைக் கழற்றி மாட்டுவது போலத்தான்.

இன்னைக்குக் கடைகளில், ஒயரிங்கோடு தயாராக வரும் பிக்கார்டுகளை வாங்கலாம். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் கிட்டாரின் கலரும் மாறும், குரலும் மாறும். விதை 1954-ல் போட்டது.

பிளாஸ்டிக் மட்டும் லியோவுக்கு உடனே வசப்படவில்லை. ஆரம்பகால பிக்அப் மூடிகளும் குமிழ்களும் எளிதில் உடையும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. வாசிக்க வாசிக்க மூடிகளின் ஓரம் தேய்ந்து, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் எட்டிப் பார்த்தது. சில வருடங்களில் உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1959-ல் ஒற்றை அடுக்கு பிக்கார்டு போய், வெள்ளை-கறுப்பு-வெள்ளை என்று மூன்று அடுக்கு பிக்கார்டு வந்தது. எட்டு ஸ்க்ரூ பதினொன்று ஆனது.

அந்தப் புது பிக்கார்டு செல்லுலாய்டில் செய்யப்பட்டது. பழைய சினிமா ஃபிலிம் செய்த அதே வகை. இந்தப் பொருளுக்கு ஒரு குணம். வருடங்கள் போகப்போக வெள்ளை மங்கி லேசான பச்சைக்கு மாறும், சுருங்கும், ஸ்க்ரூ ஓரங்களில் விரிசல் விடும். தொழிற்சாலைக்கு அது ஒரு குறை. 1960-களின் நடுவில் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். ஆனால், காலம் செய்த அந்த இளம்பச்சைதான் இப்போ வேற லெவல் அழகு. மின்ட் கிரீன் என்ற பெயரில் புத்தம் புது பிக்கார்டுகளையே அந்த நிறத்தில் செய்து விற்கிறார்கள். குமிழ்களையும் மூடிகளையும் சிகரெட் புகை படிந்த மாதிரி பழுப்பாக்கித் தருகிறார்கள். லியோ பார்த்திருந்தால் நிச்சயம் குழம்பியிருப்பார்.

கார் பெயின்ட் ஏறிய கிட்டார்

1950-களின் அமெரிக்கா கார் பைத்தியம் பிடித்த நாடு. லியோவின் தொழிற்சாலை கிட்டாருக்கு அடித்ததும் அதே கார் பெயின்ட்தான். 5 சதவிகிதம் கூடுதலாகக் கொடுத்தால், வாடிக்கையாளர் கேட்கும் கலர் கிடைக்கும் என்று 1956-லேயே அறிவித்தார்கள். பிறகு கலர் கார்டே அச்சடித்தார்கள். ஃபியெஸ்டா ரெட் ஃபோர்டு காரிலிருந்து வந்தது. லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காரிலிருந்து வந்தது.

உடம்பின் கலர் மாறியதும், மேலே இருக்கும் பிக்கார்டும் ஃபேஷன் ஆனது. 1958-ல் வந்த ஜாஸ்மாஸ்டர் கிட்டாரில் முதலில் தங்க நிற அலுமினியத் தகடு. அடுத்த வருடம் ஆமை ஓடு போன்ற செம்பழுப்பு பிளாஸ்டிக். சட்டைக்கு ஏற்ற பேன்ட் தேடுவது போல, மரத்தின் நிறத்துக்கு ஏற்ற பிளாஸ்டிக்கைத் தேடும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

கம்பெனி கொடுத்த கலரோடு கலைஞர்கள் நிற்கவில்லை. 1967-ல் மான்ட்டரே இசைவிழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், தானே பெயின்ட் அடித்து அலங்கரித்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மேடையிலேயே தீ வைத்தார். ஸ்டீவி ரே வான் கறுப்பு பிக்கார்டின்மேல் தன் பெயரின் மூன்று எழுத்துகளை ஒட்டிக்கொண்டார். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர், 1970-ல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருந்த வெள்ளை பிக்கார்டை 1974-ல் கழற்றிவிட்டுக் கறுப்பு மாட்டினார். அந்த ஒரு மாற்றம்தான் அந்த கிட்டாருக்குத் தனி அடையாளமே கொடுத்தது. 2019-ல் ஏலத்துக்கு வந்தபோது அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது.

பெயரை விற்றவர்

கிட்டார்கள் இப்படிக் கொண்டாடப்பட்ட நாள்களில், லியோவின் உடம்பு அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1950-களின் நடுவில் தொற்றிய ஒரு பாக்டீரியா தொற்று, சைனஸில் குடியேறி வருடக்கணக்கில் போகவில்லை. தான் அதிக நாள் இருக்கப் போவதில்லை என்றே நம்பினார். குழந்தைகள் இல்லை. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். கம்பெனியை யாரிடமாவது ஒப்படைத்துவிட முடிவுசெய்தார்.

1965 ஜனவரியில் சி.பி.எஸ் என்ற ஊடக நிறுவனம் 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபெண்டர் கம்பெனியை வாங்கியது. 600 டாலர் கடனில் தொடங்கிய கடை! கேட்க வெற்றிக்கதை மாதிரி இருக்கும். ஆனால், அந்த விலையில் தொழிற்சாலை, இயந்திரங்கள், கிட்டார் வடிவங்களோடு சேர்ந்து அவருடைய பெயரும் போனது. இனி அவர் செய்யும் எந்த கிட்டாரிலும் ஃபெண்டர் என்று எழுத முடியாது. பத்து வருடங்களுக்குப் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் விதியின் விளையாட்டு. டாக்டரை மாற்றிப் பார்த்தார். நோய் குணமாகிவிட்டது! சாகப்போகிறோம் என்று நினைத்து எல்லாவற்றையும் விற்றவர், ஐம்பதுகளின் வயதில் திடகாத்திரமாக நின்றார். இன்னும் 26 வருடங்கள் வாழ்ந்தார். கையில் பணம் இருந்தது. தன் பெயரில் கிட்டார் செய்யும் உரிமை மட்டும் இல்லை. புது நிர்வாகத்தில் ஃபெண்டர் கிட்டார்களின் தரம் இறங்கியதாக ரசிகர்கள் புலம்பியதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வேறு யாராவது இருந்திருந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பியிருப்பார்கள். லியோ மறுபடியும் பட்டறைக்குத்தான் போனார். தடைக்காலம் முடிந்ததும் பழைய சகாக்களோடு மியூசிக் மேன் கம்பெனிக்கு உழைத்தார். அங்கும் உரசல் வந்தது. 1979-ல் மனைவி எஸ்தர் இறந்தார். 45 வருடத் துணை. அந்த இழப்பின் காலத்தில்தான், தன் பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து இன்னொரு கம்பெனியைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ இருவரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜி அண்ட் எல் என்று பெயர். அவருடைய பெயரில் மிச்சம் இருந்தது அந்த ஓர் எழுத்துதான்.

அந்தத் தொழிற்சாலை இருந்த தெருவின் பெயர் என்ன தெரியுமா? ஃபெண்டர் அவென்யூ. ஊர் அவருக்குக் கொடுத்த கௌரவம். தெருவுக்கு அவர் பெயர் இருக்கலாம், அந்தத் தெருவில் அவர் செய்யும் கிட்டாருக்கு இருக்கக் கூடாது.

1985-ல், தன் பழைய கிட்டாருக்கு வைத்த பிராட்காஸ்டர் என்ற பெயரையே ஜி அண்ட் எல் கிட்டார் ஒன்றுக்கு வைத்தார். இந்த முறை ஆட்சேபித்தது ஃபெண்டர் கம்பெனி. அவரே உருவாக்கிய கம்பெனி. பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே பெயரை வாழ்க்கையில் இரண்டு முறை பறிகொடுத்தார்.

இவ்வளவுக்கும் நடுவே அவர் வேலையை நிறுத்தவே இல்லை. பார்கின்சன்ஸ் நோய் வந்து கை நடுங்கியபோதும் தினமும் பட்டறைக்குப் போனார். பிக்அப்பை இன்னும் எப்படிச் சரிசெய்வது, கம்பி தாங்கும் பாலத்தை எப்படி மாற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தார். 1991 மார்ச் 21-ம் தேதி இறந்தார். அதற்கு முந்தைய நாள்கூட வேலைக்குப் போயிருந்தார் என்கிறார்கள். அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

உங்க கிட்டாருக்கும் கலர் மாத்தணுமா?

லியோ விட்டுப்போன வசதியைப் பயன்படுத்தணும்னா, சில விஷயங்களை மனசுல வச்சுக்கோங்க.

* பிக்கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ ஓட்டைகளை எண்ணுங்க. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் எட்டு, பதினொன்று என ரெண்டு வகை உண்டு. ஒண்ணு இன்னொண்ணுல சரியா உட்காராது.

* கழற்றும் முன்னாடி கம்பிகளைத் தளர்த்திடுங்க. தகட்டைப் பட்டுன்னு தூக்காதீங்க. அடியில ஜாக்குக்கும் உடம்புக்கும் ஒயர் போகும். போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

* குமிழ், மூடி மாதிரி சின்ன வெள்ளை பாகங்களுக்கு, சிந்தெடிக் துணிக்குப் போடுற சாயத்தைச் சூடான தண்ணியில கலந்து நிறம் ஏத்துறவங்க உண்டு. வெளிர் நிறத்தை அடர் நிறமா மாத்தலாம், கறுப்பை வெள்ளையாக்க முடியாது. தண்ணி கொதிச்சா பிளாஸ்டிக் நெளிஞ்சிடும். டீ, காபி டிகாக்‌ஷன்ல ஊற வச்சா லேசான பழுப்புதான் வரும்.

* ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா, முதல்ல மெல்லிய உப்புத்தாள்ல தேய்ச்சு, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிங்க. அப்புறம் மெல்லிசா பல கோட்டிங். ஒரே தடவைல திக்கா அடிச்சா வழியும், பிக் பட்டதும் உரியும்.

* 1960-களின் பழைய கிட்டார் கையில் கிடைத்தால் தயவுசெஞ்சு சூடு காட்டாதீங்க. செல்லுலாய்டு சட்டுன்னு தீப்பிடிக்கும். எந்தப் பழைய கிட்டாரா இருந்தாலும், கழற்றின ஒரிஜினல் பாகங்களை ஒரு டப்பாவுல பத்திரமா வச்சிருங்க. பின்னாடி விற்கும்போது மதிப்பே அதுலதான் இருக்கும்.

தன் பெயரைக்கூடத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாதவர் லியோ ஃபெண்டர். ஆனால், அவர் செய்த கிட்டாரை யார் வாங்கினாலும் அது அவரவருடையதாக மாறிவிடுகிறது. பதினொரு ஸ்க்ரூவைக் கழற்றி, பிடித்த கலரை மாட்டிக்கொண்டால் போதும். அடுத்த முறை ஒரு கிட்டாரைப் பார்த்தால், மரத்தைப் பார்ப்பதற்கு முன்னாடி அந்தச் சின்னச் சின்ன ஸ்க்ரூக்களைப் பாருங்க. ஃபுல்லர்ட்டன் ரேடியோ கடைக்காரரின் கையெழுத்து அதில்தான் இருக்கு!